வால்வுகளின் பின்னால் உள்ள சிறு வளையங்கள்

ஆறு ஆண்டுகளுக்கு முன், பழைய யூஃபோனியம் (வால்வுகளை அழுத்தி ஊதும், தாழ்ந்த குரலுள்ள பித்தளைக் கருவி) ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, விற்பனைக்கு வைத்திருந்த ஒருவர் எனக்கு ஏழு படங்கள் அனுப்பினார். ஏழும் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. பெல் எனப்படும் விரிந்த வாய் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. படங்களுக்குக் கீழே ஒரு வரி: "நாலு வால்வு இருக்கு சார், அதனால காம்பன்சேட்டிங்தான்." வால்வுகளின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். எட்டாவது படம் வந்தது. அதில் இருந்திருக்க வேண்டிய சிறு குழாய் வளையங்கள் இல்லை.

அவர் என்னை ஏமாற்ற முயன்றதாக நான் நினைக்கவில்லை. நான்கு வால்வு என்பதையும் காம்பன்சேட்டிங் (வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது வரும் சுருதிப் பிழையைச் சிறு குழாய்களால் ஈடுசெய்யும் அமைப்பு) என்பதையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பதினோரு ஆண்டுகள் நான்கு வால்வுக் கருவியை வாசித்த நானே, அதில் எது இல்லை என்பதை மிகவும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். இந்த இரு வகைகளுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. பழைய கருவிகளை வாங்கும் இடத்தில் அந்த இடைவெளி மேலும் குழப்பமானது, ஏனெனில் அங்கே விளம்பரத்தில் உள்ள பெயருக்கும் பெட்டியைத் திறந்தால் இருக்கும் பொருளுக்கும் எப்போதும் பொருத்தம் இருப்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காம்பன்சேட்டிங் அமைப்பு யூஃபோனியத்தின் ஒரே ஒரு மூலையைத்தான் சரிசெய்கிறது. அந்த மூலைக்கு நீங்கள் எத்தனை முறை போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். பழைய கருவி என்று வந்துவிட்டால், அதற்கும் முன்னால் வால்வுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மூலை எங்கே இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். யூஃபோனியம் பி-ஃபிளாட் சுருதியில் அமைந்த கருவி. சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஏறக்குறைய 9 அடி நீளமுள்ள குழாய். முதல் வால்வை அழுத்தினால் சுருதி இரண்டு அரைத்தொனி இறங்கும். இரண்டாவது ஒரு அரைத்தொனியும், மூன்றாவது மூன்று அரைத்தொனியும், நான்காவது ஐந்து அரைத்தொனியும் இறக்கும். ஒவ்வொரு அரைத்தொனிக்கும், அந்த நேரத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்கும் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 6 விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். வால்வோடு இணைந்த குழாயோ ஒரே நீளத்தில் வெட்டிப் பற்றவைக்கப்பட்டது. தனக்கு முன்னால் வேறு வால்வுகள் அழுத்தப்பட்டிருக்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது.

முதல் வால்வின் குழாய் திறந்த குழாயின் நீளத்தில் 12.2 விழுக்காடு, மூன்றாவதன் குழாய் 18.9 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக இரண்டும் மிகச் சரி. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கிடைப்பது 31 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆனால் ஐந்து அரைத்தொனி இறங்க 33.5 விழுக்காடு வேண்டும். 9 அடிக் குழாயில் இந்தக் குறை 6 சென்டிமீட்டருக்கு மேல் வரும். சுருதி 30 சென்ட் ஏறிப்போகும் (ஓர் அரைத்தொனி என்பது 100 சென்ட்). மூன்று வால்வுகளையும் சேர்த்து அழுத்தினால் குறை கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர், சுருதி ஏற்றம் 53 சென்ட், அதாவது அரைத்தொனியில் பாதிக்கும் மேல். பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவு. தயாரிப்பாளர்கள் மூன்றாவது குழாயைச் சற்று நீட்டி வைப்பது போன்ற சமரசங்களைச் செய்வதால் உங்கள் கருவியில் டியூனர் காட்டும் எண் இதிலிருந்து மாறலாம். ஆனால் ஓரிடத்தில் நீட்டினால் இன்னோரிடத்தில் சுருதி தாழ்ந்துவிடும். கணக்கு எங்காவது கடனாக நின்றே தீரும்.

நான்காவது வால்வு வந்ததும் இந்தக் கடனில் ஒரு பகுதி அடைபடுகிறது. ஒன்று-மூன்று என்ற கூட்டுக்குப் பதில் நான்காவதைத் தனியாக அழுத்தினால் கீழ் எஃப் சரியாக நிற்கும். ஒன்று-இரண்டு-மூன்றுக்குப் பதில் இரண்டு-நான்கு என்று அழுத்தினால் கீழ் ஈ 53 சென்ட்டுக்குப் பதிலாக 24 சென்ட் அளவுதான் ஏறும். உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் அதைச் சமாளித்துவிடலாம். இந்த இரண்டு நன்மைகளும் காம்பன்சேட்டிங் அல்லாத சாதாரண நான்கு வால்வுக் கருவியிலேயே கிடைத்துவிடுகின்றன. குழுவில் வாசிப்பவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடும்.

ஈ-க்குக் கீழே இறங்கினால்தான் உண்மையான பள்ளம் வருகிறது. நான்காவது வால்வை அழுத்திய அந்தக் கணத்தில் உங்கள் கையில் இருப்பது 9 அடிக் கருவி அல்ல, எஃப் சுருதியில் அமைந்த 12 அடிக் கருவி. ஆனால் மற்ற மூன்று வால்வுகளின் குழாய்களும் 9 அடிக்கு வெட்டப்பட்டவை. சிறுவனுக்குத் தைத்த சட்டையைப் பெரியவர் போட்டுக்கொண்டதுபோல் எல்லா இடத்திலும் பற்றாக்குறை. ஒன்று-நான்கில் வாசிக்கும் ஈ-ஃபிளாட் 48 சென்ட் ஏறி நிற்கும். நான்கு வால்வுகளையும் ஒருசேர அழுத்தினால், விரல் கணக்குப்படி பதினோரு அரைத்தொனி இறங்க வேண்டிய சுருதி ஒன்பதேகால் அரைத்தொனிதான் இறங்குகிறது. ஆகவே சாதாரண நான்கு வால்வுக் கருவியில் பெடல் பி-ஃபிளாட்டுக்கு (வால்வு எதையும் அழுத்தாமல் வரும் மிகத் தாழ்ந்த ஸ்வரம்) நேர் மேலே உள்ள பி நேச்சுரல் என்ற ஸ்வரமே கிடையாது. அதற்கு மேலே உள்ள சி-யை நான்கு வால்வுகளாலும் பிடிக்கிறோம். அதுவும் முக்கால் அரைத்தொனி ஏறித்தான் வரும், ஏதாவதொரு ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய குழாயை) நன்றாக இழுத்து வைத்தால்தான் இடத்துக்கு வரும். பதினோரு ஆண்டுகளில் அந்த சி-யை நான் நம்பி வாசித்தது மிகச் சில தடவைகளே.

லண்டனில் பூஸி நிறுவனத்தில் பணிபுரிந்த டேவிட் ஜேம்ஸ் பிளெய்க்லி 1874-ஆம் ஆண்டில் வகுத்த தீர்வைத்தான் இன்று காம்பன்சேட்டிங் என்கிறோம். நான்காவது வால்வை அழுத்தும்போது காற்று அதன் நீண்ட குழாயைச் சுற்றிவிட்டு நேராக வெளியேறாமல், முதல் மூன்று வால்வுகளின் வழியாக மறுபடியும் ஒருமுறை திரும்பி வருகிறது. அந்த இரண்டாம் சுற்றில், அழுத்தப்பட்டிருக்கும் வால்வு எதுவோ அதன் பின்னால் உள்ள சிறு வளையம் பாதையில் சேர்ந்துகொள்கிறது. நான்காவது வால்வு கூட்டியது 3 அடி என்பதால், அந்த 3 அடிக்குரிய பங்கை மட்டும் இந்த வளையங்கள் ஈடுசெய்தால் போதும்: கணக்குப்படி முதல் வால்வுக்கு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர், இரண்டாவதுக்கு 5, மூன்றாவதுக்கு 17. இவ்வளவு சின்னக் குழாய்கள்தான். நான்காவதை எடுத்துவிட்டால் இவை பாதையிலிருந்தே விலகிவிடும். ஸ்பிரிங், நெம்புகோல், வாசிப்பவரின் கவனம் எதுவும் தேவைப்படாத இந்த ஏற்பாட்டை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று, வால்வை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு அதன் துளைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண வால்வில் இருப்பதைவிட அதில் துளைகள் கூடுதல். வால்வும் நீளமாக, கனமாக இருக்கும்.

விளம்பரங்களில் வராத செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. நான்காவதை அழுத்தாதவரை காம்பன்சேட்டிங் அமைப்பு எதையும் சரிசெய்வதில்லை. நான்கு வால்வு காம்பன்சேட்டிங் கருவியில் ஒன்று-மூன்று என்று அழுத்தினால் அது சாதாரணக் கருவியைப் போலவே ஏறும். பல யூஃபோனியங்களில் ஆறாம் ஹார்மோனிக்கில் (ஒரே குழாயில் உதட்டை இறுக்கி எட்டும் ஸ்வரங்களில் ஆறாவது) வரும் மேல் ஈ-ஃபிளாட், ஈ, எஃப் ஆகியவை ஏறி நிற்கும் பழைய வியாதிக்கும் இதில் மருந்து இல்லை. அதுமட்டுமல்ல, நான்காவதை அழுத்தியபின் கிடைப்பது ஒழுங்காகத் தைத்த எஃப் கருவி என்றாலும், அது மூன்று வால்வு எஃப் கருவிதான். ஆகவே மேல் மாடியில் இருந்த அதே குறை கீழ் மாடியில் மறுபடியும் வருகிறது. ஒன்று-மூன்று-நான்கில் வரும் சி 30 சென்ட் ஏறும், நான்கும் சேர்ந்து தரும் பி நேச்சுரல் 53 சென்ட் ஏறும். பி நேச்சுரல் இப்போது இருக்கிறது என்பது மெய்; சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. விலை உயர்ந்த கருவிகளில் மெயின் ஸ்லைடுக்கு டிரிகர் (வாசித்தபடியே அதை நகர்த்தும் நெம்புகோல்) பொருத்துவது வெறும் ஆடம்பரம் அல்ல என்பது இதனால்தான்.

மூன்று வால்வு காம்பன்சேட்டிங் என்றும் ஒன்று உண்டு. பழைய பிரிட்டிஷ் கருவிகளில் அடிக்கடி தென்படும். அதில் மூன்றாவது வால்வே காற்றைத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்கிறது, முதலிரண்டு வால்வுகளின் பின்னால் மட்டும் வளையம் இருக்கும். ஒன்று-மூன்றும் ஒன்று-இரண்டு-மூன்றும் சரியாகிவிடும். ஆனால் கீழ் ஈ-க்கும் பெடல் பி-ஃபிளாட்டுக்கும் இடையிலுள்ள ஐந்து ஸ்வரங்கள் கிடைக்காது. அந்த ஐந்தும் வேண்டாம் என்பவருக்கு இது நல்ல கருவி. ஏனோ யாரும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி, எதிரே இருக்கும் கருவி எந்த வகை என்று கண்டுபிடிப்பது எப்படி? மூன்று வால்வு மேலே, நான்காவது பக்கவாட்டில், இடக்கையால் அழுத்தும்படி இருந்தால் காம்பன்சேட்டிங் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியாக இருந்தாலும், அந்த அமைப்பிலேயே காம்பன்சேட்டிங் அல்லாத கருவிகளும் செய்யப்பட்டிருக்கின்றன. நான்கும் ஒரே வரிசையில் இருந்தால் பெரும்பாலும் சாதாரணக் கருவி. யமஹா ஒய்இபி-321, கிங் 2280 ஆகியவை அப்படிப்பட்டவை. யமஹா ஒய்இபி-642, பெஸன் சாவரின் 967, 968 ஆகியவை காம்பன்சேட்டிங். மாடல் எண் தேய்ந்துபோயிருந்தாலோ பெயரே தெரியாத கருவியாக இருந்தாலோ பின்பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை: முதல் மூன்று வால்வுகளில் ஒவ்வொன்றுக்கும் அதன் முக்கியக் குழாய் போக இன்னொரு சிறு வளையம் இருக்க வேண்டும்.

நேரில் பார்க்கப் போனால் இன்னும் உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது; அதை நான் ஒரு போதும் விடுவதில்லை. முதல் வால்வின் சிறு வளையம் உருவி எடுக்கக்கூடியதாக இருந்தால் அதை உருவி மேசைமேல் வையுங்கள். இப்போது முதல் வால்வை மட்டும் அழுத்தி ஊதுங்கள். ஒன்றும் நடக்காததுபோல் கருவி ஒலிக்கும். நான்காவதை மட்டும் அழுத்தி ஊதினாலும் அப்படியே. ஒன்றையும் நான்கையும் சேர்த்து அழுத்துங்கள்: ஒலி சட்டென்று அறுந்து, வெறும் காற்று உங்கள் முழங்கைப் பக்கம் சீறும். காம்பன்சேட்டிங் என்ற சொல்லின் பொருள் முழுவதும் அந்தச் சீறலில் இருக்கிறது. விற்பவருக்கும் இதைச் செய்து காட்டினால் பேரம் பேசுவது எளிதாகிறது என்பது என் அனுபவம்.

தொலைபேசியில் பேசும்போது ஸ்வரப் பெயரில் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டு மரபில் வளர்ந்தவர்கள் டிரெபிள் கிளெஃபில், அதாவது ஒலிக்கும் ஸ்வரத்தை வேறு பெயரில் எழுதும் முறையில், படிக்கிறவர்கள். நான் பி நேச்சுரல் என்பதை அவர்கள் சி-ஷார்ப் என்பார்கள், என் பி-ஃபிளாட் அவர்களுக்கு சி. "லோ சி நல்லா வருது" என்று ஒருவர் சொன்னால், எந்த சி என்று கேளுங்கள். அதேபோல் பாரிட்டோன் என்று விளம்பரப்படுத்தப்பட்டது யூஃபோனியமாகவும் இருக்கலாம், யூஃபோனியம் என்று வந்தது குறுகிய குழாய் கொண்ட பாரிட்டோனாகவும் இருக்கலாம்.

என் முதல் தவறு இதிலெல்லாம் இல்லை. பின்பக்க வளையங்கள், சோதனை, எல்லாவற்றிலும் தேறிய ஒரு பழைய பிரிட்டிஷ் நான்கு வால்வு காம்பன்சேட்டிங் கருவி, நம்ப முடியாத மலிவில் கிடைத்தது. வெள்ளி முலாம் அங்கங்கே கறுத்திருந்தாலும் பள்ளம் ஒன்றுகூட இல்லை. விற்றவரின் வீட்டில் தனியாகத்தான் வாசித்துப் பார்த்தேன். குரல் தேன் மாதிரி இருந்தது. வாங்கி வந்து, முதல் ஒத்திகையில் குழுவோடு சேர்ந்து சுருதி பார்த்தபோது டியூனரின் முள் வலது மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மெயின் ஸ்லைடை இழுத்தேன், இன்னும் இழுத்தேன், கழன்று கையோடு வந்துவிட்டது.

அது ஹை பிட்ச் கருவி. பிரிட்டனின் பிராஸ் பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதிவரை ஏ ஸ்வரத்தை 440-க்குப் பதிலாக 452 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தன. அதற்கு முன் அவற்றுக்காகச் செய்யப்பட்ட கருவிகள் இன்றைய சுருதியைவிட 48 சென்ட் அளவு மேலே நிற்கும். இறக்க வேண்டுமானால் மொத்தக் குழாயில் ஏழெட்டு சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். பழுதுபார்ப்பவர் ஸ்லைடின் கால்களுக்குக் கூடுதல் குழாய் வைத்து நீட்டிக் கொடுக்க முடியும். என் கருவிக்கும் ஒருவர் அப்படிச் செய்துகொடுத்தார். ஆனால் மெயின் ஸ்லைடை மட்டும் நீட்டினால் போதாது, ஒவ்வொரு வால்வின் ஸ்லைடும் அதே விகிதத்தில் நீள வேண்டும். பின்னால் இருக்கும் அந்தச் சிறு வளையங்களும்தான். அவற்றில் இழுக்க இடமே இல்லை. ஈடுசெய்வதற்காகவே வாங்கிய கருவியில் ஈடுசெய்யும் பகுதியே பழைய சுருதியில் நின்றுவிட்டது. அதை இரண்டு ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்து, என்ன குறை என்று வெளிப்படையாகச் சொல்லி, பழைய கருவிகளைச் சேகரிப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து டியூனர் இல்லாமல் கருவி பார்க்கப் போவதில்லை. 1960-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் கருவி என்றால், மெயின் ஸ்லைடு வழக்கமான அளவு இழுத்த நிலையில் பி-ஃபிளாட் சரியாக நிற்கிறதா என்பதே என் முதல் கேள்வி.

இரண்டாவதாகப் பார்த்த கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதில் கற்ற ஒரு விஷயம் முக்கியமானது. அது அவ்வளவாக வயதாகாத, பெயர்பெற்ற காம்பன்சேட்டிங் கருவி. ஒரு குழுவில் கை மாறிக் கை மாறி வாசிக்கப்பட்டது. உடன் வந்த பழுதுபார்க்கும் பெரியவர் வாசிக்கவே விடவில்லை. "தம்பி, ஊதுறதுக்கு முன்னாடி இதக் கேளுங்க" என்று, வால்வை அழுத்தாமல் முதல் ஸ்லைடைக் கழலாத அளவுக்கு இழுத்து, ஐந்தாறு நொடி பொறுத்து, வால்வை அழுத்தினார். நல்ல வால்வாக இருந்தால் அப்போது "டப்" என்று கார்க் திறக்கும் சத்தம் கேட்க வேண்டும்; உள்ளே உண்டான வெற்றிடத்துக்குள் காற்று பாயும் சத்தம் அது. அந்தக் கருவியில் எதுவும் கேட்கவில்லை. இழுக்கும்போதே காற்று கசிந்து உள்ளே நுழைந்துவிட்டிருந்தது.

தேய்ந்த வால்வு எந்தக் கருவியிலும் கெடுதல்தான். ஆனால் காம்பன்சேட்டிங் கருவியில் அதற்கு வட்டி உண்டு, ஏனெனில் நான்காவதை அழுத்திய நிலையில் காற்று அதே வால்வுகளை இரண்டு முறை கடக்கிறது; கசிவும் இரண்டு முறை. எந்தக் கீழ் ஸ்வரங்களுக்காக அதிகப் பணம் கொடுத்தீர்களோ, சரியாக அந்த ஸ்வரங்கள்தான் முதலில் பஞ்சுபோல் ஆகும். வால்வுகளை மறுபடி முலாம் பூசிக் கடைந்து பொருத்த முடியும்; நீளமான, துளைகள் கூடிய இந்த வால்வுகளில் அது பெரிய வேலை, பெரிய செலவு. நான்கு வால்வும் "டப்" என்று சொல்லும் சாதாரணக் கருவியையும், ஒன்றும் பேசாத காம்பன்சேட்டிங் கருவியையும் ஒரே விலைக்குக் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுப்பேன். லீட்பைப்பில் (மவுத்பீஸ் செருகும் முதல் குழாயில்) இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறிக் குழாய் உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை வேண்டாம் என்று விட்டுவிடலாம். கீழ் வளைவில் இருக்கும் சின்னப் பள்ளங்களுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாகப் பார்த்த கருவியைத்தான் வாங்கினேன், இன்றும் வாசிக்கிறேன். அதை என் பழைய யமஹா 321-உடன் அடுத்தடுத்து ஊதிப் பார்த்த முதல் வாரத்தில், காம்பன்சேட்டிங் கருவிக்கு இவ்வளவு ஆழமான குரலா என்று வியந்தேன். நண்பர்களிடமும் அப்படியே சொன்னேன். அது தவறு. 321-இன் குழாய் விட்டம் 14.5 மில்லிமீட்டர், பெல் 280 மில்லிமீட்டர், சிறிய ஷாங்க் (கருவிக்குள் செருகும் காம்பு) கொண்ட மவுத்பீஸ். 642 வகைக் கருவிகளில் விட்டம் 15-இல் தொடங்கி 16.8 மில்லிமீட்டர்வரை விரிகிறது, பெல் 300 மில்லிமீட்டர், பெரிய ஷாங்க். குரலை மாற்றியது இந்த அளவுகள்தான். வால்வு எதையும் அழுத்தாமல் வாசிக்கும் பி-ஃபிளாட்டில் பின்பக்க வளையங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. தயாரிப்பாளர்கள் தங்கள் உயர்தரக் கருவிகளைக் காம்பன்சேட்டிங்காகவும் அகன்ற குழாயோடும் செய்வதால் இரண்டு குணங்களும் ஒட்டிப் பிறந்தவைபோல் நமக்குத் தோன்றுகின்றன. குரலுக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், அகன்ற குழாய் கொண்ட சாதாரணக் கருவி ஒன்றையும் ஊதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஷாங்க் பற்றி ஒரு சொல்: பழைய பெஸன்கள் சிலவற்றிலும் வில்ஸன் 2900-இலும் இரண்டுக்கும் நடுவிலான அளவு இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் மவுத்பீஸ் அதில் ஆடினாலோ பாதியிலேயே நின்றுவிட்டாலோ சுருதியும் குரலும் கெட்டுப்போகும். பழி கருவிமேல் விழும்.

புதிய கருவி கற்றுக்கொடுத்த மற்றவை எல்லாம் அன்றாடத் தொல்லைகள். கூடுதல் குழாய்களால் எடை கூடும். உட்கார்ந்து வாசிக்கும்போது தெரியாது, அணிவகுப்பில் தோள்பட்டை சொல்லும். நான்காவதை அழுத்திய கீழ் ஸ்தாயியில் காற்று இறுக்கமான வளைவுகள் பலவற்றைக் கடக்க வேண்டியிருப்பதால் சற்றே அடைத்தாற்போன்ற உணர்வு இருக்கும்; ஓரிரு மாதங்களில் உதடு பழகிவிடுகிறது, ஆனால் முதல் நாள் ஊதிப் பார்ப்பவர் கருவியில் ஏதோ அடைத்திருக்கிறது என்றே நினைப்பார். உண்மையிலேயே அடைத்திருக்கவும் கூடும். சிறு வளையங்களில் சேரும் நீர் வழக்கமான வாட்டர் கீ (நீரை வெளியேற்றும் சிறு திறப்பு) வழியாக வராது. ஒரு கச்சேரியில் கீழ் டி-ஃபிளாட் கொப்பளித்துக்கொண்டே இருந்தது; இடைவேளையில் கருவியைத் தலைகீழாக்கி, வால்வுகளை அழுத்தியபடி மெதுவாகச் சுற்றியபோது ஒரு தேக்கரண்டித் தண்ணீர் என் காலணியில் விழுந்தது.

இடக்கையால் நான்காவதை அழுத்துவது பெரும் நிம்மதி. வலக்கைச் சுண்டுவிரலால் வேகமான பகுதிகளை வாசித்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விரல் வரிசையைப் புதிதாகக் கற்க வேண்டும்: பழைய கருவியில் சி-க்கு நான்கு வால்வுகளும் அழுத்திப் பழகிய கை, இங்கே ஒன்று-மூன்று-நான்கு என்று மாற வேண்டும். ஆறு மாதம்வரை அவசரத்தில் என் விரல்கள் பழைய வழக்கத்துக்கே ஓடின. சி இருக்க வேண்டிய இடத்தில் பி நேச்சுரல் ஒன்று, அதுவும் ஏறிய சுருதியில், கம்பீரமாக ஒலிக்கும்.

ஆகவே யாருக்கு எது என்று கேட்டால், உங்கள் கையில் இருக்கும் பாகங்களை, அதாவது உங்கள் கருவிக்கான இசைத்தாள்களை, புரட்டிப் பாருங்கள் என்பேன். நடுத்தரக் குழுக்களின் யூஃபோனியம் பாகங்களில் கீழ் எஃப்-க்கும் கீழே போகும் இடங்கள் அரிது. ஒரு வருடத்துக்கு நான்கைந்து இடம் என்றால், அந்த நான்கைந்து இடங்களிலும் ஸ்லைடை இழுத்து வைத்துச் சமாளிக்கலாம், மிச்சப் பணத்தில் நல்ல மவுத்பீஸும் பாடமும் கிடைக்கும். தனி வாசிப்புக்கும் தேர்வுகளுக்கும் பிராஸ் பேண்டின் முதல் நாற்காலிக்கும் தயாராகிறவர்கள் காம்பன்சேட்டிங் கருவியைத் தவிர்க்க முடியாது. அங்கே கீழ் ஸ்தாயி அலங்காரம் அல்ல, அன்றாடம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்கள் காம்பன்சேட்டிங் என்ற சொல்லுக்காகத் தேய்ந்த கருவியை வாங்கிவிடுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த எட்டாவது படத்துக்குரிய கருவி என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருத்திக்குக் கருவி தேவைப்பட்டபோது அந்த விற்பனையாளரை மறுபடி அழைத்தேன். இன்னும் விற்கவில்லை என்றார். "காம்பன்சேட்டிங் இல்லன்னு நீங்க சொன்னப்புறம் அப்படிப் போடறதை விட்டுட்டேன் சார், யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க." நேரில் போய்ப் பார்த்தோம். நான்கு ஸ்லைடையும் இழுத்துச் சோதித்ததில் நான்கு முறை "டப்" என்றது. பி-ஃபிளாட் டியூனரின் நடுவில் நின்றது. ஐந்து ஆண்டுகளாக அவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் அதை வாசிக்கிறாள். சென்ற மாதம் ஒரு புதிய பாகத்தில் கீழ் சி வந்தது. என்ன செய்வது என்று கேட்பாள் என எதிர்பார்த்துத் திரும்பினேன். முந்தைய நான்கு பார் ஓய்வில் அவள் நான்காவது வால்வின் ஸ்லைடைப் பென்சில் குறி வரை இழுத்து வைத்துவிட்டு, வால்வுகள் நான்கையும் அழுத்தியபடி காத்துக்கொண்டிருந்தாள்.